புனைவுரிமை

கேள்வி: எங்கள் பக்கத்துப் பொறியியல் கல்லூரி 'காப்புரிமையில் சாதனை' என்று தக்கலை வரை ஃபிளெக்ஸ் வைத்திருக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் போல நம்மூரும் காப்புரிமை எடுப்பது பெருமைதானே?
- ஒரு வாசகர், அழகியமண்டபம்

பதில்: பெருமையை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தக் 'காப்புரிமை'. மார்த்தாண்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இந்தச் சொல்லுக்காகப் பத்து வருடமாக என்னோடு சண்டையில் இருக்கிறார். எழுத்துக்கான காப்பிரைட்டுக்கும் காப்புரிமை, கண்டுபிடிப்புக்கான பேட்டண்டுக்கும் காப்புரிமை என்று எழுதினால் வாசகன் எங்கே போவான் என்பது அவர் கட்சி. பேட்டண்டுக்குப் 'புனைவுரிமை' என்றே போட வேண்டுமாம். "புனைவென்றால் கதையல்லவா சார், கண்டுபிடிப்பைப் போய்க் கதை என்பதா?" என்று நானும் விடாமல் மல்லுக்கட்டினேன். ஃபிளெக்ஸை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சார், நான் தோற்றேன். உங்கள் சொல்தான் சரி.

அதில் பொடி எழுத்தில் 'வெளியிடப்பட்டவை' என்று இருக்கிறது. விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் காப்புரிமை அலுவலக இதழில் அது தானாக வெளிவரும். பொறுக்க முடியாதவர்கள் பணம் கட்டி முன்னாலேயே வரவைக்கலாம். உள்ளே சரக்கு இருக்கிறதா என்று பரிசோதிக்கத் தனியாக மனுப் போட வேண்டும். ஜாதகம் கொடுத்ததையே கல்யாணம் என்று போஸ்டர் அடிக்கிறார்கள். 2021 முதல் கல்வி நிறுவனங்களுக்குக் காப்புரிமைக் கட்டணத்தில் 80 சதவீதம் தள்ளுபடி. மத்திய அரசின் தரவரிசையில் காப்புரிமைக்கு மார்க்கும் உண்டு. ஆடி மாதத்துத் துணிக்கடை தோற்றது.

அமெரிக்கா என்றீர்கள். அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததையும் பல்கலைக்கழகமே சொந்தம் கொண்டாட அங்கே 1980-ல் சட்டம் போட்டார்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு 1995-ல் மஞ்சள்பொடி புண்ணை ஆற்றும் என்பதற்கே பேட்டண்ட் கிடைத்தது! நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஏடுகளைக் காட்டி ஆட்சேபித்து, 1997-ல் ரத்தானது. என் பாட்டிக்கு ராயல்டி ஒன்றும் வரவில்லை.

நம் மலைக்கு வருவோம். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் இருக்கிறார்களே, அவர்களின் கேரளத்துச் சொந்தக்காரர்கள் 1987-ல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டப் போனார்கள். விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ ஏதோ காயைத் தின்றுகொண்டு சளைக்காமல் ஏறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சைச் செடியின் காய். பாலோடு தாவரவியல் ஆய்வு நிலையம் அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து செய்தது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று ஒப்பந்தம். பிற்பாடு அதிலும் சிக்கல்கள் வந்தன, சரி. ஆனாலும் மருந்து கடைக்கு வந்தது.

நீங்கள் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தக் கல்லூரிக்குப் போய், இதில் எத்தனை வழங்கப்பட்டது, எது கடைக்கு வந்தது என்று கேளுங்கள். வாட்ச்மேன் விரட்டினால் என் பெயரைச் சொல்லாதீர்கள். தமிழாசிரியர் பெயரைச் சொல்லுங்கள்.