ஜெர்மனியில் மகள் படிக்க வீட்டை அடமானம் வைக்கலாமா?

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்த என் மகளுக்கு ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்துள்ளது. ஜெர்மனியில் கட்டணமே இல்லை, பகுதிநேர வேலையிலேயே செலவைச் சமாளிக்கலாம் என்று கூறிய ஆலோசனை மையத்தினர், இப்போது ஏறத்தாழ 12,000 யூரோ காட்ட வேண்டும் என்கிறார்கள். என்னிடம் ஆறு லட்சம் ரூபாய் சேமிப்பும் ஒரு வீடும் உள்ளன. என்ன செய்யலாம்?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை

பதில்: கட்டணமே இல்லை என்பது ஜெர்மனி முழுமைக்கும் பொருந்தாது. ஸ்டுட்கார்ட் அமைந்துள்ள பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வசூலிக்கிறது. நான்கு செமஸ்டருக்கு 6,000 யூரோ ஆகும்.

தங்களிடம் கேட்கப்படும் தொகை கட்டணம் அன்று; விசாவுக்காகக் காட்ட வேண்டிய ஓராண்டு வாழ்க்கைச் செலவு. 'பிளாக்டு அக்கவுன்ட்' எனப்படும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோவை முன்கூட்டியே செலுத்தினால், தங்கள் மகள் அங்கு சென்றபின் அது மாதம் 992 யூரோ வீதம் அவருக்கே திரும்பி வரும். வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

வேலையைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 140 முழு நாள்கள் வரை சட்டம் அனுமதிக்கிறது. பல்கலைக்கழகத்திற்குள் கிடைக்கும் மாணவர் உதவியாளர் பணி இக்கணக்கில் சேராது. ஆயினும், மொழியும் ஊரும் பிடிபடாத முதல் ஆண்டில் வேலை வருமானத்தைச் சுழியம் என்றே வைத்துக் கணக்கிடுங்கள். இரண்டாம் ஆண்டு வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது மீண்டும் பண ஆதாரம் கேட்பார்கள். அப்போது அந்த வருமானம் கைகொடுக்கலாம். சேர்ந்தபின், மாதம் 300 யூரோ வழங்கும் 'டாய்ச்லாண்ட் ஸ்டிபெண்டியம்' உதவித்தொகைக்கும் அவர் விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டவருக்கும் அது உண்டு என்றாலும், கிடைத்தால் கூடுதல் என்ற அளவிலேயே அதை நம்புங்கள்.

இனி வீடு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் வாங்கினால் சொத்துப் பிணை தேவைப்படும். தங்களுக்கு வேண்டிய மொத்தத் தொகை அதைத் தாண்டும் என்பதால், பத்திரத்தைக் கொடுக்க நேரலாம். பத்திரம் வங்கிக்குப் போவதைவிட, முழுக் கடனையும் ஒரே மூச்சில் எடுப்பதே எனக்குக் கவலை தருகிறது. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கடனை அனுமதிக்கச் சொல்லுங்கள். ஆனால் தேவைப்படும்போது மட்டும் தவணையாக எடுங்கள், ஏனெனில் எடுத்த தொகைக்கு மட்டுமே வட்டி ஓடும், படிக்கும் காலத்திலும் அது நிற்காது.

முடக்கக் கணக்குப் பணத்தை மொத்தமாகவே செலுத்த வேண்டியிருப்பதால், ஆறு லட்சத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கி, மீதத்திற்கு மட்டும் கடனைத் தொடுவது வட்டியைக் குறைக்கும். வெளிநாட்டுப் படிப்புக்குப் பெற்றோர் பங்காக வங்கிகள் பொதுவாகக் கேட்கும் 15 சதவீதத்திற்கும் அச்சேமிப்பையே காட்டலாம்.

கையெழுத்திடும் முன் கிளை மேலாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: விசா கிடைக்குமுன் முடக்கக் கணக்குக்குப் பணம் அனுப்புவார்களா? விசா வந்தால்தான் பணம் என்பார் வங்கி அதிகாரி, பணம் போனால்தான் விசா என்பார் தூதரக அதிகாரி. இந்த இழுபறியில் செமஸ்டரே தவறிவிடக்கூடும். அனுப்புவோம் என்றால் அதை வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். மறுத்தால் வேறு வங்கியை நாடுங்கள்.