வீட்டு மீன்தொட்டியில் இருக்கும் மீசை மீன் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நீங்கள் தந்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: பாலக்காட்டில் ஒரு கடையில் 'கேட்ஃபிஷ்' என்று வாங்கியது. இரண்டு அங்குலமாக இருந்தது ஐந்து மாதத்தில் ஏழு அங்குலம் ஆகிவிட்டது. கறுப்பு, மீசை உண்டு, கூட விட்ட கப்பி மீன்களைக் காணோம். அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்குகிறது. எல்லாம் சரி, முக்கியமானதை விட்டுவிட்டீர்களே: முதுகுத் துடுப்பு எப்படி இருக்கிறது?

அதன் அருமை எனக்குத் தெரிந்தது ஒரு ராத்திரியில். எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில். 'ஆல்பினோ' என்று சொல்லி வாங்கிய ஒரு வெள்ளை மீன், சிவந்த கண்ணோடு தொட்டியில் இருந்தது. தண்ணீர் குடிக்க எழுந்த அம்மா அடுக்களையிலிருந்து கத்தினார். பாம்பு என்று நினைத்து விளக்குமாற்றோடு ஓடினேன். மீன் மார்புத் துடுப்பைத் தரையில் ஊன்றி, உடம்பை நெளித்து நெளித்து, கேஸ் சிலிண்டரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுச் சேச்சி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "அய்யே, இது முஷியல்லே!"

முஷி என்பது கெளுத்தி இனத்தில் ஒரு மீனுக்கு மலையாளப் பெயர். மூன்று மாதமாக நான் படம் படமாகத் தேடிக்கொண்டிருந்த மீன். வெள்ளையாக இருந்ததால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்றே நினைத்திருந்தேன். சேச்சி நிறத்தைக் கவனிக்கவே இல்லை. கழுத்துக்குப் பின்னால் தொடங்கி வால் வரைக்கும் ஓடும் அந்த நீளத் துடுப்பைப் பார்த்தார், அவ்வளவுதான்.

நிறத்தைவிட மோசம் பெயர். எங்கள் தமிழ்நாடு-கேரள எல்லைப் பக்கத்தில் பெயரை நம்பினால் மீனே மாறிவிடும். பொள்ளாச்சியில் கெளுத்தி என்றால் இங்கே கூரி. அங்கே தேளி, இங்கே காரி. ஆற்று வாளை மீசை உள்ள மீன். கடற்கரைக்காரர்கள் வாளை என்பதோ வெள்ளி ரிப்பன் போன்ற வேறொரு மீன். கேரளச் சந்தையில் 'ஆசாம் வாளை' என்று விற்பது ஆசாமைச் சேர்ந்ததும் இல்லை, வாளையும் இல்லை. அதன் பூர்வீகம் மீகாங் ஆறு, பெயர் பங்காசியஸ். அதே மீனின் குஞ்சுதான் வண்ணமீன் கடையில் 'ஷார்க்'. ஒரு அடித் தொட்டிக்கு அதை வாங்கிப் போகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாலு அடிக்கும் மேல் வளரக்கூடியது.

அதனால் பெயரையும் நிறத்தையும் மறந்துவிட்டு மீனைப் பாருங்கள். முதலில், மீசை இருந்தாலே கெளுத்தி இனம் ஆகிவிடாது. அயிரைக்கும் மீசை உண்டு, தொட்டியில் வளர்க்கும் கோய் கெண்டைக்கும் உண்டு. கெளுத்தி இனத்துக்குச் செதில் கிடையாது. வழவழப்பான தோல் இருக்கும், இல்லையென்றால் எலும்புத் தகடு.

தகடு என்றால் வேலை சுலபம். பக்கவாட்டில் இரண்டு வரிசையாக ஓட்டுக்கூரை மாதிரித் தகடு, உடம்பு இரண்டு மூன்று அங்குலம் என்றால் கோரிடோரஸ். வாய் அடியில் இருந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் 'டேங்க் கிளீனர்'. இதில் மட்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்: முதுகுத் துடுப்பில் பத்துக்கு மேல் கதிர்கள் (துடுப்பைத் தாங்கும் குச்சிகள்) இருந்தால் அது ஒன்றரை அடிக்கு வளரும் டெரிகோப்ளிக்திஸ். மூக்கின் மேல் புதர் மாதிரி முளைத்திருந்தால் பிரிசில்நோஸ் ஆண். அது ஐந்தாறு அங்குலத்தோடு நின்றுவிடும்.

வழவழப்பான தோல் என்றால்தான் முதுகுத் துடுப்புக்கு வேலை. முதுகு முழுக்க நீண்டிருந்தால் முஷி, அதாவது கிளாரியஸ். முதுகில் விரல் நகம் அளவுக்குச் சின்னத் துடுப்பு, வயிற்றுக்கடியில் மட்டும் நீளமாக ஓடினால் பெரும்பாலும் காரி. முன்பக்கம் முள்ளோடு முக்கோணமாக நின்று, அதற்கும் வாலுக்கும் நடுவில் கதிரே இல்லாத கொழுப்புத் துடுப்பு ஒன்று இருந்தால் மீசையை எண்ணுங்கள். பங்காசியஸுக்கு இரண்டு ஜோடி. அமேசானின் சிவப்பு வால் கெளுத்திக்கு மூன்று. நம் நாட்டுக் கெளுத்திகளுக்கு நான்கு. கீழ் மீசை இறகு மாதிரிக் கிளைவிட்டிருந்தால் ஆப்பிரிக்காவின் சினோடோன்டிஸ். அதில் ஒரு வகை தலைகீழாகவே நீந்தும்.

மஞ்சள் உடம்பில் தோளருகே பெரிய கறுப்புத் திட்டு இருந்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். அது மஞ்ஞக்கூரி, மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளுக்கே உரியது. விலங்கியலாளர் குந்தர் 1864-இல் விவரித்த மீன், இன்று அழியும் ஆபத்துள்ள பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டில் விலை கொடுத்து வாங்கி வளர்க்கிறார்கள், நம் ஆள் இதைக் குழம்புக்குப் போடுகிறான். (கோட்டயம் பக்கம் கிணற்றுத் தண்ணீரில் கண்ணே இல்லாத, இளஞ்சிவப்பான குட்டிக் கெளுத்திகூட உண்டு; 1950-இல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள். உங்கள் தொட்டிக்கு அது வர வாய்ப்பில்லை, சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.)

பார்க்கிறேன் பேர்வழி என்று கையால் பிடிக்காதீர்கள். காரியின் மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. ஒருமுறை குத்து வாங்கி, தோள் வரைக்கும் வலி ஏறி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை அமிழ்த்தி உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். வலையும் வேண்டாம், முள் விறைத்து வலைக்கண்ணில் மாட்டிக்கொள்ளும். வெளிப்படையான பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீரோடு மொண்டு, பக்கத்திலிருந்து ஒரு படம், மேலிருந்து ஒரு படம் எடுத்தால் போதும்.

உங்கள் மீனைப் பற்றி என் ஊகம்: அந்த வேகமும் அந்தப் பசியும் முஷி வகையறாவுடையவை. காற்று விழுங்குவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, காரியும் விழுங்கும், கோரிடோரஸும் விழுங்கும். நீளத் துடுப்பு இருந்துவிட்டால் ஆப்பிரிக்க முஷியாக இருக்க நிறைய வாய்ப்பு. 2000-இல் மத்திய அரசு வளர்க்கத் தடை போட்ட மீன். மூன்று அடியைத் தாண்டும். பெரிதாகிவிட்டதே என்று மலம்புழைக் கால்வாயில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் வலை போட்டவர்களுக்கு அமேசானின் ராட்சத மீனான அரபைமா சிக்கியது. எல்லாம் யாரோ வளர்த்தவைதான். மீன் பண்ணை வைத்திருப்பவர்களிடமோ மீன்வளத் துறையிடமோ கேளுங்கள்.

அதுவரை தொட்டிக்கு மூடி போடுங்கள், கனமான மூடியாக. எங்கள் வீட்டு மூடியின் மேல் அம்மா அம்மிக் குழவியை வைத்திருக்கிறார். சட்னி அரைக்கும்போது மட்டும் எடுப்பார். அப்போதும் ஒரு கண் தொட்டியில்தான் இருக்கும்.