கோசா மரபில் பெண்களுக்குத் தலைமை இருந்ததா?

இருந்தது, ஆனால் அதைப் பெண்ணியம் என்று சட்டென்று சொல்லிவிட மாட்டேன்.

தென்னாப்பிரிக்காவின் கோசா மக்களிடம் தலைவர் பதவி ஆண் வழியில்தான் போகும். வாரிசைப் பெறும் ‘பெரிய மனைவி’ என்பவர் முதலில் கட்டியவர் அல்ல, தகுதியில் உயர்ந்தவர்; அவரைத் தலைவர் பெரும்பாலும் பிந்தித்தான் கட்டுவார், அதனால் அவர் சாகும்போது வாரிசு சின்னப் பையனாக இருப்பது சகஜம். வழக்கமாகச் சித்தப்பா யாராவது பொறுப்பேற்பார், ஆனால் சில சமயம் அம்மாவே ஆண்டிருக்கிறார். 1829-இல் கோசாத் தலைவர் ங்கிகா இறந்ததும் மகன் சண்டிலேக்காக ஆட்சியைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய பெரிய மனைவி சுட்டு. அண்மைக் காலத்திலும் கோசாக்களின் ஒரு பிரிவான ரராபேக்களின் பதில் அரசியாக நொலொயிசோ சண்டிலே 2020-இல் இறக்கும்வரை இருந்தார். மகனுக்காகக் காத்த நாற்காலிதான் என்றாலும், உட்கார்ந்தவர் சும்மா உட்காரவில்லை.

வீட்டுக்குள் கதை வேறு. புது மருமகள் மாமனார் பெயரை மட்டுமல்ல, அந்தப் பெயரில் வரும் அசையுள்ள மற்ற சொற்களையும் வாயில் எடுக்கக் கூடாது, மாட்டுப்பட்டிக்குள்ளும் போகக் கூடாது. ஆனால் அதே வீட்டில் பிறந்த அத்தைக்கு இந்தக் கெடுபிடி கிடையாது, சடங்குகளில் அவர் பேச்சுக்குத் தனி மதிப்பு. குறி சொல்லி வைத்தியம் பார்ப்பவர்களிலும் பெண்களே அதிகம், ஆண்களும் அவர்களிடம் குறி கேட்கப் போவார்கள்.

சொத்தில்தான் மரபு ரொம்ப இறுக்கம். 2004-இல் கேப் டவுனின் கயெலிட்ஷா பகுதியிலிருந்து வந்த வழக்கில்தான் தென்னாப்பிரிக்காவின் அரசியல் சாசன நீதிமன்றம் ஆண் வாரிசுக்கே எல்லாம் என்ற விதியை ரத்து செய்தது, வழக்கு இரண்டு சின்னப் பெண் பிள்ளைகளுக்காக.