வேலையிடத்தில் உரிமையைக் கேட்க சக ஊழியர்களை எப்படிச் சேர்ப்பது?

சட்டத்தில் எதை முதலில் படிப்பது, பயப்படுகிறவர்களை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் சம்பளச் சீட்டை எடுங்கள்.

நான் ஒரு கிடங்கில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். ஷிப்ட் எட்டு மணிக்கு. ஆனால் 7.40-க்கே வந்து பெல்ட்டைத் துடைத்து, அட்டைப்பெட்டிகளை மடித்து அடுக்கி வைக்க வேண்டும். பஞ்ச் அடித்தால் மெஷின் 7.40 என்று காட்டும், சீட்டில் எட்டு என்று வரும். சாயங்காலம் 5.25-க்குக் கிளம்பினாலும் கணக்கு ஐந்தோடு சரி. ஒரு நாளைக்கு 45 நிமிடம். 26 நாள் வேலை செய்தால் பத்தொன்பதரை மணி நேரம் சும்மா போகிறது.

இதைக் கேட்க நான் தனியாகப் போனேன். அங்கேதான் தப்பு செய்தேன். "வேற யாரும் கேக்கலையே, உனக்கு மட்டும் என்னப்பா?" என்றார் சூப்பர்வைசர். அடுத்த வாரமே இரவு ஷிப்ட்.

அந்த ஷிப்டில் ஒரு அக்கா இருந்தார். வந்த நேரம், போன நேரம், அன்றைய சூப்பர்வைசர் யார் என்று தினமும் ஒரு பாக்கெட் நோட்டில் எழுதி வைப்பார். "மூணு வருஷமா எழுதுறேன். கணக்கு இருக்கு, கூட வந்து கேக்கத்தான் ஆள் இல்ல" என்றார். எட்டுப் பேர் சீட்டை வைத்துப் பார்த்தோம். எல்லோருக்கும் நேரம் வெட்டப்பட்டிருந்தது. காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ஓவர்டைமே சாதாரண மணிக்கூலியில்தான். அதுவரை "நமக்கெதுக்கு வம்பு" என்றவர்கள்கூட அன்றைக்கு வாயைத் திறந்தார்கள்.

கூட்டம் போட்டு ஆரம்பிக்காதீர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக, அவருக்கு எது உறுத்துகிறது என்று கேளுங்கள். சத்தமாகப் பேசுகிறவரைவிட, லீவு விண்ணப்பம் எழுதித்தரச் சொல்லி எல்லோரும் யாரிடம் போகிறார்களோ அவர்தான் முக்கியம். கம்பெனி மெயில், கம்பெனி போன் இரண்டும் வேண்டாம். எங்கள் முதல் வாட்ஸாப் குழுவில் நடந்த பேச்சு இரண்டே நாளில் மேலே போய்விட்டது. (யார் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. தேடிப் போயிருந்தால் அதோடு உடைந்திருப்போம்.)

சரி, சட்டம். எட்டு மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி என்பது தொழிற்சாலைகளுக்காக 1919-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு போட்ட முதல் உடன்படிக்கை. ஓவர்டைமுக்குக் குறைந்தது ஒன்றேகால் பங்கு கூலி என்பதும் அதிலேயே இருக்கிறது. சங்கம் அமைக்கும் உரிமை 1948-இன் 87-ஆம் உடன்படிக்கை. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டுத் தூக்கக்கூடாது என்பது 1949-இன் 98-ஆம் உடன்படிக்கை. எல்லா நாடுகளும் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளவில்லை, அதனால் உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தொழிலாளர் துறையிலோ ஒரு சங்கத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். பழைய நிலுவையைக் கேட்கக் காலக்கெடு உண்டா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஏமாந்து போகிற இடம் அது. சட்டம் இருக்கிறது என்பதற்காகப் பழிவாங்க மாட்டார்கள் என்றும் நினைக்காதீர்கள். இரவு ஷிப்டுக்குப் போனவன் சொல்கிறேன்.

கடைசியில் 14 பேர் மனு கொடுத்தோம். யார் முதலில் போட்டது என்று தெரியாதபடி கையெழுத்துகளை வட்டமாகப் போட்டோம். ஐந்து பேர் உள்ளே போனோம். ஒருவர் பேச, ஒருவர் எழுதிக்கொள்ள, மற்றவர்கள் சும்மா இருக்க. பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்காமல் வெளியே வரவில்லை.

நேரம் வெட்டுவது அடுத்த மாதமே நின்றது. காண்ட்ராக்ட் ஆட்களின் ஓவர்டைம் மட்டும் அப்படியே இருக்கிறது. நிலுவை மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்தார்கள். அக்காவின் நோட்டில் மூன்று வருஷக் கணக்கு இருக்கிறது. மீதிக்குத் தொழிலாளர் துறையில் மனு போட்டிருக்கிறோம், இன்னும் நடக்கிறது.