பெரிதாக்கினால் திரை ஓடுகிறதே!

கேள்வி: குளுக்கோமாவால் அப்பாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. விண்டோஸ் 10 மடிக்கணினியில், திரையைப் பெரிதாக்கிக் காட்டும் மக்னிபையரைப் போட்டுக் கொடுத்தேன். திரை அங்குமிங்கும் ஓடுகிறது, தலை சுற்றுகிறது என்று மூடிவிடுகிறார். காசு கொடுத்து வேறு மென்பொருள் வாங்க வேண்டுமா?
- வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குளுக்கோமாவில் பெரும்பாலும் ஓரப் பார்வைதான் முதலில் சுருங்கும். சுருங்கிய பார்வைக்கு எழுத்தை அளவுமீறிப் பெரிதாக்கினால் ஒரு சொல்கூட முழுதாக அடங்காது. 400 வீதத்தில் திரையின் 16இல் ஒரு பங்குதான் தெரியும். மிச்சத்தை மவுஸைப் பிடித்துத் தேட வேண்டும்.

ஆகவே முதலில் எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். செட்டிங்ஸ், ஈஸ் ஒவ் அக்சஸ், டிஸ்பிளே என்று போனால் 225 வீதம் வரை நகர்த்தலாம். 140இல் தொடங்கி, அப்பாவையே வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். இங்கே எழுத்து புதிதாக வரையப்படுவதால் கூர்மை குறையாது. மக்னிபையரோ வரைந்து முடிந்த படத்தை இழுக்கிறது. விளிம்பு மங்கினால் தமிழில் முதலில் அடிபடுவது புள்ளிதான்: 'பல்' எது, 'பல' எது என்று தெரியாது. இணையப் பக்கங்களுக்குக் கண்ட்ரோல் விசையோடு கூட்டல் விசை போதும். பெரும்பாலான பக்கங்களில் வரிகளும் தானாக மடியும்.

அதற்கு மேலும் தேவைப்பட்டால் மட்டும் மக்னிபையர்: விண்டோஸ் விசையோடு கூட்டல். ஒரு தட்டுக்கு 100 வீதம் பாய்கிறதென்றால் மக்னிபையர் செட்டிங்ஸில் அதை 25 ஆக்குங்கள். அங்கேயே மவுஸ் முனையைத் திரையின் நடுவில் வைக்கும் தெரிவு இருந்தால் மாற்றி, ஓரங்களுக்குள் வைக்கும் தெரிவைப் போடுங்கள். நடுவில் என்றால் கை சற்று அசைந்தாலே முழுத் திரையும் நகரும். மற்றதில் முனை ஓரத்தைத் தொட்டால்தான் நகரும். ஓட்டம் பெருமளவு அடங்கிவிடும்.

வெளிச்சம் கூசினால் கண்ட்ரோல், ஓல்ட், ஐ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கறுப்பில் வெள்ளை எழுத்து வரும். பேரப்பிள்ளைகளின் படம் நெகட்டிவ் போலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அதையே திரும்ப அழுத்தினால் சரி. மக்னிபையரை மூட விண்டோஸ் விசையும் எஸ்கேப்பும்.

கேள்வி: மக்னிபையரின் வாசித்துக்காட்டும் பொத்தான், பாமினி எழுத்துருவில் தட்டிய வினாத்தாளை உளறுகிறதே?
- ஆசிரியை, மூதூர்

பதில்: பாமினி கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். கணினி அவற்றைத்தான் வாசிக்கிறது. வினாத்தாளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யுனிகோடுக்கு மாற்றி, செட்டிங்ஸில் ஸ்பீச் பகுதியில் தமிழ்க் குரலையும் சேர்த்துவிடுங்கள்.