வெயில் அடிக்கும்போதே வெள்ளம்: ஆற்றோர வீட்டுக்கு யார் சொல்வார்கள், யாரைக் கேட்பது?

குமாரபாளையத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காவிரிக் கரையோரத் தெருவில் பட்டா வீடு. கீழ்த்தளத்தில் நான்கு விசைத்தறி ஓடுகிறது. மேட்டூர் நிரம்பினால் ஆட்டோவில் மைக் கட்டி, 'பாதுகாப்பான இடத்துக்குப் போங்க' என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு தடவை கிளம்பினோம், தண்ணீர் வரவில்லை. அடுத்த தடவை நம்பாமல் இருந்துவிட்டோம், முழங்கால் அளவு வந்துவிட்டது. யார் இதை முடிவு செய்கிறார்கள்? நேரத்துக்குத் தெரிந்துகொள்ள யாரைக் கேட்பது? மாமியாருக்கு நடக்க முடியாது. தறி நனைந்தால் அரசு ஏதாவது தருமா?"

முதலில், உங்கள் ஊர் வானத்தைப் பார்த்து முடிவு செய்வதை விட்டுவிடுங்கள். குமாரபாளையத்துக்கு வரும் வெள்ளம் பெரும்பாலும் குடகிலும் வயநாட்டிலும் பெய்த மழை. கர்நாடகத்தின் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பி, மாநில எல்லையில் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு, ஒகேனக்கல் வழியாக மேட்டூருக்கு வந்து சேரும்போது உங்கள் தெருவில் பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கும். வானிலை மையம் நாமக்கல் மாவட்டத்துக்கு மஞ்சள் எச்சரிக்கைகூடக் கொடுத்திருக்காது. அதனால் கைப்பேசியில் வரும் மழை எச்சரிக்கை உங்களுக்குப் பாதிதான் உதவும். நீங்கள் பார்க்க வேண்டியது மேட்டூரின் மூன்று எண்கள்: நீர்மட்டம், நீர்வரத்து, நீர் வெளியேற்றம். நாளிதழ்களில் தினமும் வருகிறது. அரசின் 'டிஎன் அலர்ட்' செயலியிலும் நீர்த்தேக்க நிலவரம் கிடைக்கும்.

மேட்டூரின் முழு நீர்மட்டம் 120 அடி. அதைத் தொடும் வரை அணை வெள்ளத்தைத் தாங்கிக்கொள்ளும். தொட்டுவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே கீழே விடுவதைத் தவிர வேறு வழி இல்லை. மின் நிலையங்கள் வழியாகச் சுமார் 20 ஆயிரம் கன அடி போகும், மீதி 16 கண் மதகு வழியாக. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் வெளியேற்றம் வினாடிக்கு 2 லட்சம் கன அடியை ஒட்டிப் போனது. அணை 118, 119 அடியில் நிற்கும்போது பிலிகுண்டுலுவில் வரத்து ஏறுகிறது என்று செய்தி வந்தால், மைக் ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே சாமானைக் கட்ட ஆரம்பிக்கலாம்.

உங்கள் ஊருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எதிர்க்கரையில், கூடுதுறையில், பவானி ஆறு வந்து சேர்கிறது. நீலகிரியில் கொட்டி, பில்லூரும் பவானிசாகரும் ஒரே நேரத்தில் திறந்தால் காவிரி வடிய இடம் கிடைக்காது. மேட்டூரில் ஒரே அளவு திறந்தும் ஒரு தடவை வாசலோடு நிற்பதற்கும் இன்னொரு தடவை வீட்டுக்குள் வருவதற்கும் இது ஒரு காரணம். பவானிசாகரில் அக்டோபர் வரை 102 அடிக்கு மேல் தேக்க மாட்டார்கள், நவம்பரில்தான் 105 வரை விடுவார்கள். எனவே மழைக்காலத்தில் அது 102-ஐ நெருங்கினால் அதன் வெளியேற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? இரண்டு முடிவுகள் தனித்தனி. எவ்வளவு திறப்பது என்பது நீர்வளத் துறைப் பொறியாளர்களின் கணக்கு. மக்களை எப்போது கிளப்புவது என்பது மாவட்ட ஆட்சியரின் பொறுப்பு. 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் அவர்தான். வெளியேற்ற, போக்குவரத்தை நிறுத்த, தேவைப்பட்டால் லாரி, மண்டபம் போன்றவற்றை எடுத்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் உண்டு. அணையிலிருந்து வரும் தகவல் கரையோர மாவட்ட ஆட்சியர்களுக்கும் சென்னை எழிலகத்தில் இருக்கும் மாநில அவசரகால மையத்துக்கும் போகும். ஆட்சியரிடமிருந்து தாசில்தார், நகராட்சி ஆணையர், காவல் துறை, தீயணைப்புத் துறை, அங்கிருந்து வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி, கடைசியில் உங்கள் தெருவுக்கு.

மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். நடைமுறையில் வேலையை ஓட்டுவது வருவாய் நிர்வாக ஆணையர் அலுவலகம். வெள்ளத்தில் வந்து நிற்கும் படகும் ஜேசிபியும் ஆம்புலன்சும் வேறு வேறு துறைகளுடையவை. யாருடையதை எங்கே அனுப்புவது என்று இணைப்பதுதான் ஆணையத்தின் வேலை. பருவமழைக்கு முன்பே ஆட்சியர் எல்லாத் துறைகளையும் கூட்டி, தாழ்வான பகுதிகள், முகாம் நடத்தும் பள்ளிகள், மணல் மூட்டை, மரம் அறுக்கும் இயந்திரம் வரை பட்டியல் போடுவார். மாவட்டத்தின் கை மீறினால் மாநில மையம் வழியாக அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையை அழைப்பார்கள். ஆனால் நம் பக்கம் முதலில் வந்து சேர்வது தீயணைப்பு நிலையத்தின் ரப்பர் படகும், ஆற்றை அறிந்த உள்ளூர்ப் பரிசல்காரர்களும்தான்.

அறிவிப்பு பற்றிய உங்கள் கோபம் நியாயமானது. தண்டோரா 2022-இல் நிறுத்தப்பட்டு ஒலிபெருக்கி வந்தது, நல்ல மாற்றம். ஆனால் ஒலிபெருக்கியில் சொல்லும் வாசகம் மாறவில்லை. எத்தனை கன அடி வருகிறது, எந்தத் தெரு வரை ஏறலாம், எந்தப் பள்ளியில் முகாம் என்பதைச் சொல்லாமல் 'பாதுகாப்பான இடம்' என்றால் யாருக்கு என்ன புரியும்? அதை நீங்களே ஈடுகட்டலாம். உங்கள் வாசற்படியில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு, தண்ணீர் அதுவரை வந்த அன்றைய மேட்டூர், பவானிசாகர் வெளியேற்றத்தைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இரண்டு மூன்று பருவத்தில் உங்கள் வீட்டுக்கென்றே ஒரு கணக்கு கிடைத்துவிடும்.

யாரைக் கேட்பது என்றால், மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070. இரண்டும் 24 மணி நேரமும் இயங்கும். ஒரு எச்சரிக்கை: பாலத்துக்கு இந்தப் பக்கம் நாமக்கல் மாவட்டம், அந்தப் பக்கம் பவானி, ஈரோடு மாவட்டம். போனை எடுத்ததும் எந்த மாவட்டம் என்று கேட்டு உறுதிசெய்து கொள்ளுங்கள். ஆட்சியரின் செய்திக்குறிப்பில் 1077 பக்கத்தில் அச்சாகும் தொலைபேசி எண்ணையும் சேமித்து வையுங்கள். அதைவிட உபயோகமானது உங்கள் கிராம நிர்வாக அலுவலரின் எண். ஆடிக்கு முன்பே ஒரு தடவை நேரில் போய், நடக்க முடியாத முதியவர் வீட்டில் இருப்பதைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமியாரை முதல் அறிவிப்பிலேயே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவது நல்லது. இரவில், தண்ணீர் தெருவுக்கு வந்த பிறகு, கட்டிலோடு தூக்கிப் படகில் ஏற்றும் நிலை வேண்டாம்.

தறி விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். மாநிலப் பேரிடர் நிதியிலிருந்து தருவது நிவாரணம், இழப்பீடாக அதை எண்ணாதீர்கள். 2022 முதல் 2026 வரைக்கான விதிகளில் சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய், குடிசைக்கு 8,000, கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று இருந்தது. அனுமதி பெற்ற கட்டடம் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆற்றுப் புறம்போக்கில் இருப்பவர்களுக்கு அங்கேதான் இழுபறி. உங்களுக்குப் பட்டா இருப்பதால் வீட்டுக்குக் கவலை குறைவு. நான்கு தறியின் நஷ்டத்தை ஈடுகட்டும் தொகை அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்குக் காப்பீடுதான். தீ விபத்துப் பாலிசி இருந்தால் அதில் புயல், வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள், பிரீமியம் குறைக்க அதை நீக்கியிருக்கக்கூடும். தண்ணீர் வருமுன் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி, நூல் கோன், பாவு பீம் எல்லாம் மாடிக்கு ஏற வேண்டும், தறிச் சட்டம் நனைந்தால் எண்ணெய் போட்டுத் தேற்றிவிடலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தெருவில் மின்சாரம் துண்டிக்க வேண்டுமானால் மின்னகம் எண் 94987 94987.

வடிந்த பிறகு உடனே கழுவித் தள்ளாதீர்கள். சேற்றுக் கோடு தெரியும்படி சுவரையும் தறியையும் தேதியோடு படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பார்த்துக் கணக்கெடுத்த பிறகு தாசில்தாரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே தகவல் போக வேண்டும், அவர்களுடைய சர்வேயர் வரும் வரை நனைந்த நூலை விற்றுவிடக் கூடாது.