சாலை யாருடையது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

நம் தென்னாப்பிரிக்கச் சாலைகளைப் பற்றி இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே மனக்குறையைத்தான் சொல்கின்றன: எழுதிக் கேட்டோம், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்வியையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் இருக்கிறது. வேகத்தடை போடச் சொல்லி தலைநகர் பிரிட்டோரியாவுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். பதிலே வரவில்லை. (சாட்ஸ்வொர்த் வாசகி)

அம்மா, உங்கள் கோரிக்கையில் குறை இல்லை, அது போய்ச் சேர்ந்த இடம்தான் தவறு. சாலைப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை நம் அரசியல் சாசனம் தேசிய அரசுக்கும் மாகாணங்களுக்கும் பொதுவாக வைத்திருக்கிறது. ஊருக்குள் ஓடும் தெருக்களை மாநகராட்சியிடம் விட்டிருக்கிறது. அதனால் என்2, என்3 போன்ற நெடுஞ்சாலைகளுக்கு தேசியச் சாலை நிறுவனமான சன்ரால் பொறுப்பு. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் சாலைகள் பெரும்பாலும் மாகாணத்துக்குரியவை. உங்கள் வீட்டு வாசலில் ஓடும் தெரு, டர்பனை நிர்வகிக்கும் எதெக்வினி மாநகராட்சியுடையது. வேகத்தடைக் கோரிக்கையை வார்டு கவுன்சிலர் வழியாக மாநகராட்சியின் போக்குவரத்துப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

வெறும் கடிதமாக அனுப்பாதீர்கள். இப்படியொரு பள்ளி வாசலில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு நான் நோட்டுப் புத்தகத்தோடு நின்றிருந்தேன். நடைபாதை வாசலுக்கு முப்பது அடி முன்னாலேயே முடிந்துவிட்டது. பிள்ளைகள் பனி ஈரப் புல்லில் கால் வைக்கத் தயங்கி, தார்ச்சாலையின் ஓரத்திலேயே வரிசையாக நடந்தார்கள். ஒரு டாக்ஸி ஹாரன் அடித்தபடி கடந்தபோது ஒரு சிறுவனின் புத்தகப்பை அதன் கண்ணாடியில் உரசியது. அந்த ஊருக்கு முதலில் வேண்டியது முப்பது அடி நடைபாதை, வேகத்தடை அதற்குப் பிறகுதான். நீங்களும் ஒரு வாரம் நின்று பாருங்கள். எத்தனை வண்டிகள், எந்த நேரத்தில், பிள்ளைகள் எந்த இடத்தில் கடக்கிறார்கள் என்று குறித்து, அக்கம்பக்கத்தாரின் கையெழுத்தோடு கொடுங்கள். பஸ்ஸும் ஆம்புலன்ஸும் ஓடும் பெரிய சாலை என்றால் வேகத்தடை கிடைப்பது கடினம். அங்கே பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் மாணவர் ரோந்துக்கு ஏற்பாடு செய்யப் பள்ளி முதல்வரிடம் பேசலாம். ரோந்துப் பிள்ளைகள் நீட்டும் 'நில்' பலகையை மதிக்காமல் போவது குற்றம்.

நம் நாட்டில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 12,000 பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். பத்துப் பேரில் நான்கு பேர் நடந்து போனவர்கள். கார் வைத்திருப்பவர்களின் குரல் எளிதில் காதில் விழுகிறது; நடப்பவர்களுக்காக யாராவது மெனக்கெட்டு எழுதத்தான் வேண்டும்.

ஊருக்குள் வரும் பெரிய டிரக்குகளை நிறுத்த உள்ளூர் நிர்வாகத்தால் முடியுமா? (பைன்டவுன் வாசகர்)

அவற்றுக்குத் தடை கொண்டுவர முடியும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. 2013 செப்டம்பர் 5 அன்று ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வந்த டிரக் ஒன்று, சந்திப்பில் கடந்துகொண்டிருந்த மினிபஸ் டாக்ஸிகள் மீது மோதி 24 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகே அந்த இறக்கத்தில் கனரக டிரக்குகளுக்குத் தடை வந்தது. மரியன்ஹில் சுங்கச்சாவடிக் கட்டணத்தைத் தவிர்க்க டிரக்குகள் அந்த வழியே இறங்குகின்றன என்று மக்கள் முன்பிருந்தே முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த முறையீட்டை அப்போதே கேட்டிருக்கலாமே என்ற வேதனை எனக்கு இன்றும் தீரவில்லை.

ஆர்ட்டோ புள்ளிகள் என்கிறார்களே, உரிமம் பறிபோகுமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

ஆர்ட்டோ என்பது போக்குவரத்துக் குற்றங்களுக்கு அபராதமும் புள்ளிகளும் விதிக்கும் சட்டம். எல்லாரும் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறோம். குற்றத்துக்கு ஏற்பப் புள்ளிகள் ஏறும். 15 புள்ளிகளைத் தாண்டினால் உரிமம் குறிப்பிட்ட காலத்துக்கு நிறுத்திவைக்கப்படும் என்பது ஏற்பாடு. சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. ஆனால் பல ஆண்டுகளாக ஜோகானஸ்பர்கிலும் ட்ஷ்வானேயிலும் மட்டும், அதுவும் புள்ளிகள் இல்லாமலே, நடந்துவந்தது. மாகாணங்களுக்கும் மாநகராட்சிகளுக்கும் உரிய அதிகாரத்தில் நாடாளுமன்றம் கைவைக்கிறது என்று வழக்கு எழுந்தது. 2022இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2023 ஜூலையில் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிச் சட்டம் செல்லும் என்றது. நான் இந்தத் தீர்ப்பை வரவேற்கிறேன். டர்பனில் ஒரு தண்டனை, ஜோகானஸ்பர்கில் வேறொரு தண்டனை என்று இருந்தால் என்3இல் ஓட்டுபவர் எதற்குப் பயப்படுவார்?

பேத்திக்கு இரண்டு வயது. குழந்தை இருக்கை கட்டாயமா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் பாட்டி)

கட்டாயம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு 2015 முதல் இது சட்டம். கட்டணம் வாங்கி ஓடும் மினிபஸ்ஸுக்கும் பஸ்ஸுக்கும் விலக்கு இருக்கிறது. விலக்கு சட்டத்தில்தான், மோதும்போது இல்லை. முடிந்தவரை காரில், இருக்கையில் வைத்தே கூட்டிப் போங்கள், அம்மா.

என் தம்பியை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. எண்கூடத் தெரியாது. இழப்பீடு கேட்க வழி உண்டா? (டோங்காட் வாசகர்)

உண்டு. பெட்ரோல் லிட்டருக்கு 2 ராண்டுக்கும் மேலாக நாம் கட்டும் வரி, சாலை விபத்து நிதிக்குப் போகிறது. இடித்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், காயம்பட்டவர் நடந்து போனவராக இருந்தாலும், அந்த நிதியில் கோரலாம். வண்டி அடையாளம் தெரிந்தால் மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை போக வேண்டும். உங்கள் தம்பியின் நிலையில் இரண்டே ஆண்டுதான். இந்த ஓர் ஆண்டு வித்தியாசம் தெரியாமல் உரிமையை இழந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லாமல் நேரடியாகவும் மனுக் கொடுக்கலாம். மருத்துவமனைச் சீட்டுகள், பார்த்தவர்களின் பெயர், இடத்தின் படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தம்பி இன்னும் படுக்கையில் இருந்தால் அவருக்காகக் காத்திருக்க வேண்டாம். நீங்களே காவல் நிலையம் போய் வழக்கு எண்ணை வாங்கிவிடுங்கள்.